பாட்டியின் டிரங்குப் பெட்டியிலும் சட்டம் இருக்கிறது: சென்னைச் சட்டப் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் சட்டக் கல்விக்குப் பாடத்திட்டம் வகுக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். பாரிமுனையில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் எனக்கு அலுவலகம். குடும்ப வழக்குகளும் பாகப்பிரிவினை வழக்குகளும்தான் அதிகம் நடத்துகிறேன். ஒவ்வொரு வருடமும் உங்கள் மாணவர்கள் என்னிடம் பயிற்சிக்கு வருகிறார்கள். கட்டு சுமக்கிறார்கள், நகல் எடுக்கிறார்கள், வாய்தா தேதி குறித்துக்கொள்கிறார்கள், கடைசி நாளில் சான்றிதழில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு ஜோடி வந்தது. வேறு வேறு சாதி. அந்தப் பெண் மாற்றுத்துணி ஒன்றை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வீட்டைவிட்டு வந்திருந்தாள். பயிற்சிக்கு வந்திருந்த மூவரிடமும், "இவங்களுக்கு என்ன வழி?" என்று கேட்டேன். இந்து திருமணச் சட்டம், பிரிவு 7ஏ என்றார்கள். உற்றார், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், ஒருவரை ஒருவர் துணையாக ஏற்பதாகத் தங்களுக்குப் புரிந்த மொழியில் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். வழக்கறிஞர் அறையில் ரகசியமாக நடக்கும் திருமணம் செல்லாது என்று 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதையும், ஊரறிய அறிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியதையும் சேர்த்தே சொன்னார்கள். ஒரு பிழை இல்லை.

"சரி, இப்படி ஒரு பிரிவு தமிழ்நாட்டில் ஏன் வந்தது?" என்று கேட்டேன். மூவரும் பேசவில்லை.

பெரியாரின் இயக்கம் 1920-களின் கடைசியிலிருந்தே புரோகிதர் இல்லாத திருமணங்களை நடத்தி வந்தது. ஊர் ஊராக, மேடை போட்டு, ஒரு தலைவர் வாழ்த்துரை சொல்ல நடந்த திருமணங்கள் அவை. அப்படி நடந்த ஒன்று, சடங்குகள் இல்லாததால் செல்லாது என்று 1953-இல் இதே உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1967-இல் அண்ணா ஆட்சியில் சட்டமன்றம் 7ஏ பிரிவைக் கொண்டுவந்தது. 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு நடந்தவையும் நடந்த நாள் முதலே செல்லும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தக் குடும்பங்கள் எப்படி வாழ்ந்தன? எந்தத் தீர்ப்புத் தொகுப்பிலும் அது கிடைக்காது.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு மாணவி, "மேடம், எங்க பாட்டி கல்யாணப் போட்டோவுலயும் ஐயர் இல்ல" என்றாள். அன்று இரவே திருவாரூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் பாட்டிக்குப் போன் போட்டிருக்கிறாள். பாட்டிக்கு 1959-இல் திருமணம். சில வருடம் கழித்துப் பாகம் பிரிக்கும் பேச்சு வந்தபோது பங்காளிகள், "அக்னி இல்லாம நடந்தது எப்படிக் கல்யாணம் ஆகும், உம் புள்ளைக்கு எப்படிப் பங்கு வரும்?" என்று கேட்டார்களாம். அன்றிலிருந்து பாட்டி தன் திருமண அழைப்பிதழை டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறார். நாள், இடம், தலைமை தாங்கியவர் பெயர் எல்லாம் அச்சில் இருக்கிறது அல்லவா? "அண்ணா சட்டம் போட்டாரு, அப்புறம் ஒருத்தனும் வாயத் தொறக்கல" என்றாராம். படிக்காத அந்த அம்மா தன் வழக்குக்குச் சான்றாவணம் சேர்த்து வைத்திருக்கிறார். சட்டம் படிக்கும் பேத்திக்கு நான்காம் ஆண்டு வரை அது தெரியவில்லை.

அவள் பாட்டியைப் பலமுறை கேட்டு, எல்லாவற்றையும் தமிழில் எழுதி, அழைப்பிதழின் படத்தையும் இணைத்துக் கல்லூரியில் கட்டுரையாகக் கொடுத்தாள். தீர்ப்புகளை மட்டும் மேற்கோள் காட்டி ஆங்கிலத்தில் எழுதிவரச் சொல்லித் திருப்பித் தந்துவிட்டார்கள். எந்தக் கல்லூரி என்பது இங்கே முக்கியமில்லை. எனக்கு அந்த வருத்தம் இன்னும் போகவில்லை, இந்த மடல் எழுத அதுதான் காரணம்.

சட்டமும் சமூகமும் பற்றி உங்கள் பாடத்திட்டத்தில் பேச்சு இல்லாமல் இல்லை. ஆனால் அது புத்தகத்தில் தொடங்கித் தேர்வுத் தாளில் முடிந்துவிடுகிறது. மாதிரி நீதிமன்றப் போட்டிகளை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், பேச்சுப் பயம் அங்கேதான் போகிறது. ஆனால் அங்கே சம்பவ விவரம் முழுக்க அச்சடித்துக் கைக்கு வந்துவிடும். நிஜத்தில் கட்சிக்காரர் அழுதுகொண்டே முன்பின்னாகச் சொல்வதிலிருந்து அதைத் தேடி எடுப்பதுதான் வக்கீல் வேலையில் பாதி.

புது விதி ஒன்றும் வேண்டியதில்லை. இந்திய பார் கவுன்சிலின் 2008 விதிகளின்படி ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரமும் மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரமும் பயிற்சி கட்டாயம். தொண்டு நிறுவனங்களிலும் உள்ளாட்சி அமைப்புகளிலும் அதைச் செய்ய அதே விதிகள் இடம் தருகின்றன. அதில் நான்கு வாரத்தை மக்கள் நடுவில் செலவிடச் செய்யுங்கள். என்னைப் போன்றவர்களுக்கு நகல் எடுக்க ஆள் குறையும், குறையட்டும்.

மெரினாவை ஒட்டிய மீனவக் குப்பமான நொச்சிக்குப்பத்துக்கு அனுப்புங்கள். 2023 ஏப்ரலில் லூப் ரோட்டில் மாநகராட்சி மீன் கடைகளை அகற்றியபோது அந்த மக்கள் சாலையில் இறங்கிப் போராடினார்கள். போக்குவரத்து நெரிசல் என்றது ஒரு தரப்பு, ரோடு வருவதற்கு முன்பே இது எங்கள் கரை என்றது மறுதரப்பு. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, 2011-இல் வந்ததே, அது மீனவ ஊர்களின் பொது இடங்களையும் மீன் காயவைக்கும் களங்களையும் வரைபடத்தில் குறிக்கச் சொன்னது. அந்த இடங்கள் எவை என்று யாருக்குத் தெரியும்? வலை எங்கே உலர்கிறது, படகு எங்கே ஏறுகிறது, ஏலம் எங்கே நடக்கிறது, எந்த மணல் யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை என்று அந்த ஊர்ப் பெரியவர்களையும் மீன் விற்கும் பெண்களையும் கேட்டால்தான் தெரியும். பட்டா, புறம்போக்கு என்ற இரண்டே சொற்களோடு அங்கே போகும் மாணவருக்கு ஒரு நாளிலேயே அவை போதாது என்று புரிந்துவிடும்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் தமிழ் சட்டப்படியான மொழி. உங்கள் மாணவர்களில் பலர் அங்கேதான் வாழ்நாள் முழுதும் வேலை செய்யப்போகிறார்கள். சாட்சி சொன்னதைச் சொன்ன மொழியிலேயே எழுதிக் கொடுத்தால் மதிப்பெண் குறைப்பது நியாயமா?

அந்த மாணவி இப்போது ஐந்தாம் ஆண்டு. கட்டுரையைத் தூக்கிப் போடவில்லை. அதன் பிரதி ஒன்று என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அடுத்த பாடத்திட்டக் கூட்டத்துக்கு என்னை அழைக்க வேண்டாம், அவளைக் கூப்பிடுங்கள். பாட்டியின் அழைப்பிதழை எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறேன்.

அன்புடன்,
பாரிமுனையிலிருந்து ஒரு வழக்கறிஞர்