கடைசியா புடிச்ச பக்

டேய் மாப்ள,

உன்னோட மூணு வாய்ஸ் மெசேஜையும் கேட்டேன்டா, பதில் போடலன்னு கோவிச்சுக்காத, போன்ல பேசுனா குரல் ஒரு மாதிரி ஆயிரும், அதான் டைப் பண்றேன். ரெண்டாவதும் பொம்பளப் புள்ளன்னு அம்மா சொன்னாங்க, ரொம்ப சந்தோஷம், தங்கச்சியும் பாப்பாவும் நல்லா இருக்காங்கள்ல?

நீ கேள்விப்பட்டது நெசம்தான், இன்சூரன்ஸ் சாஃப்ட்வேர்ல பக், அதாவது தப்பு தேடுற அந்த டெஸ்டிங் வேலை போயிருச்சு. கால் மணி நேர மீட்டிங், ஹெச்ஆர் பொண்ணு பாத்து வாசிச்சுது, மேனேஜர் கேமராவ ஆஃப் பண்ணி வச்சுட்டார். லேப்டாப், ஐடி கார்டு எல்லாம் குடுத்துட்டு சோழிங்கநல்லூர் சிக்னல்ல வண்டிய நிறுத்துனா, மெட்ரோ வேலைக்கு ரோட்ட சுருக்கி வச்சிருக்கான்ல அத பாத்துட்டே நின்னேன், இந்த லைன் ஓட ஆரம்பிச்சா ஆபீஸுக்கு சீக்கிரம் போயிரலாம்னு மூணு வருஷமா வீட்டுல சொல்லிட்டு இருந்தவன் நான். பின்னாடி ஆட்டோக்காரர் ஹாரன் அடிச்சப்பதான் சிக்னல் விழுந்ததே தெரிஞ்சுது.

ஒரு கூத்து கேளு. செட்டில்மென்ட் ஷீட் வந்துச்சு, கிராஜுவிட்டி, அதான் இத்தன வருஷம் வேலை பாத்ததுக்கு போறப்ப குடுக்கிற பணம், 2,25,000னு போட்டிருந்தான். என் பேசிக் சம்பளம் 39,000, அத 26ஆல வகுத்து 15ஆல பெருக்குனா வருஷத்துக்கு 22,500, பத்து வருஷத்துக்கு கணக்கு சரிதான். ஆனா நான் வேலை பாத்தது 10 வருஷம் 8 மாசம்டா, ஆறு மாசத்துக்கு மேல போனா அத முழு வருஷமா எடுக்கணும்னு சட்டத்துலயே இருக்கு. டிஃபெக்ட் ரிப்போர்ட் எழுதுற மாதிரியே எதிர்பார்த்தது 2,47,500, வந்தது 2,25,000ன்னு மெயில் போட்டேன், நாலு நாள்ல திருத்தி அனுப்பிட்டான். அங்க நான் புடிச்ச கடைசி பக் அதுதான். என் கூடவே வெளிய வந்த ரெண்டு பேருக்கும் ஷீட்ட பாத்து குடுத்தேன், ஒருத்தருக்கு அதே தப்பு.

அதுக்கப்புறம் சிறுசேரில ஒரு இன்டர்வியூ போனேன். டெஸ்டிங்க தானா ஓட்டுற செலினியம்ங்கிற டூல் பத்தி கேட்டான், கோர்ஸ் முடிச்சு சர்டிபிகேட்லாம் இருக்கு, ஆனா அந்த பையன் கேட்ட கேள்விக்கு வாய் ஒட்டிக்கிச்சு. கடைசில அவனே ஒரு ஏஐ டூல்ல ரிக்வயர்மென்ட்ட ஒட்டுனான், பிரீமியம் ரினியூவல் ஸ்க்ரீன்தான், நம்ம ஏரியா. ஒரு நிமிஷம் கூட ஆகல, என்னென்ன சோதிக்கணும்னு பக்கம் பக்கமா டெஸ்ட் கேஸ் கொட்டுது. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நப்பாசை, பிப்ரவரி 29 விட்டிருக்கும்னு. ஞாபகம் இருக்கா, 2020ல லீப் நாள்ல எடுத்த பாலிசிக்கு அடுத்த வருஷம் ரினியூவல் தேதியே காலியா வருதுன்னு நான் கண்டுபுடிச்சு, டீமுக்கே பிரியாணி வாங்கி குடுத்தாங்களே, அது. கீழ வரைக்கும் தள்ளி பாத்தேன். அதுவும் இருந்துச்சுடா. சிரிப்புதான் வந்துச்சு. மனுஷன் கண்டுபுடிக்கிறத மெஷின் கண்டுபுடிக்காதுன்னு லிங்க்ட்இன்ல எழுதுறானுங்கல்ல, அத இனிமே என்னால நம்ப முடியாது.

ஆனா தூக்கத்த கெடுத்தது இதெல்லாம் இல்ல, அப்பாவோட இன்சூரன்ஸ். அவருக்கு ஸ்டென்ட் வச்சது உனக்கு தெரியும்ல, கம்பெனி குரூப் பாலிசிலதான் ஓடிச்சு, வேலை போன அன்னிக்கே அதுவும் போயிருமே. புதுசா போட்டா ஏற்கனவே இருக்கிற நோய்க்கு மூணு வருஷம் வரைக்கும் வெயிட்டிங் வைக்கலாம், அதுவரைக்கும் அந்த நோய்க்கு கிளைம் கிடையாது (முன்னாடி நாலு வருஷம், 2024ல கொறச்சாங்க). அதே இன்சூரன்ஸ் கம்பெனியோட தனி பாலிசிக்கு மாறுனா இதுவரைக்கும் ஓட்டுன வெயிட்டிங்க கழிச்சுக்குவாங்க, அது எனக்கு தெரியும், பத்து வருஷமா அந்த ஸ்க்ரீனதானடா தட்டிக்கிட்டு இருந்தேன். கவர் முடியுறதுக்குள்ள எழுதிக் குடுத்து, டிஸ்சார்ஜ் சம்மரி, ஈசிஜி எல்லாம் கட்டி அனுப்பி, ரெண்டு தடவ நேர்ல போய் உக்காந்து, கிடைச்சிருச்சு. பிரீமியம் கழுத்த நெரிக்குது, 2025 செப்டம்பர்ல இருந்து ஜிஎஸ்டி இல்லங்கிறது ஒரு ஆறுதல். பக்கத்து பிளாட் சார் கேட்டார், அவருக்கும் பண்ணி குடுத்தேன், அவர் மச்சினருக்கும்.

அதான் இப்ப மண்டைல ஓடுது. ஒரு இடத்துல இன்சூரன்ஸ் பிராஜெக்ட்டுக்கு பிசினஸ் அனலிஸ்ட்டா கூப்புடுறான், ஆறு மாச கான்ட்ராக்ட், சம்பளம் மூணுல ஒரு பங்கு கம்மி. இன்னொண்ணு, ஏஜென்ட் ஆகுற ஐசி 38 பரீட்சை, 50 கேள்விதான். வீட்டுல சொன்னேன், "ஏஜென்ட் ஆனா சொந்தக்காரங்க ஒருத்தரும் போன எடுக்க மாட்டாங்க"ன்னா. நெசம்தான், நம்ம மாமா எல்ஐசில இருந்தப்ப நாமளே வாசல்ல செருப்ப பாத்துட்டு பின்பக்கமா ஓடுனவனுங்கதான! கான்ட்ராக்ட்டுக்கு சரின்னு சொல்லிட்டேன், சாயங்காலம் பரீட்சைக்கு படிக்கிறேன். திரும்ப டெஸ்டிங் தேட மனசு வரல.

ஊருக்கு வந்துரு, கடைய சேந்து பாப்போம்னு சொன்னதுக்கு ஒரு கும்பிடு. பருப்பு மூட்ட தூக்க என் முதுகு தாங்காது. ஆனா போன வாட்டி நீ 20 லட்சம் சரக்கு இருக்கு, தீ இன்சூரன்ஸ் 10 லட்சத்துக்கு போட்டிருக்கேன், எல்லாமா எரியப் போகுதுன்னு சொன்னியே, அது உறுத்திக்கிட்டே இருக்கு. பாதிக்குத்தான் போட்டிருந்தா, 4 லட்சத்துக்கு எரிஞ்சாலும் பாதிதான் குடுப்பான்டா, 2 லட்சம். பாலிசிய போட்டோ எடுத்து அனுப்பு. மொத பக்கத்த மட்டும் அனுப்பாத, பின்னாடி பொடி எழுத்துல இருக்குல்ல, அந்த பக்கமெல்லாம் வேணும்.

குமார்