கவினைத் திட்டாதே

அன்புள்ள தம்பிக்கு அம்மா எழுதிக்கொள்வது. சுங்கை சிப்புட்டில் தினமும் மத்தியானத்துக்கு மேல் மழை, அப்பாவின் முட்டிவலிக்கு மருந்து மாற்றியிருக்கிறார்கள், வேறு செய்தி இல்லை. தீபாவளிக்கு வந்து போனதிலிருந்து நீ சரியாகப் பேசுவதில்லை. வேலை என்கிறாய், சரி.

உன் மகன் கவின் கெட்டிக்காரப் பிள்ளை. நாலு வயதில் செம்பனை லோரியின் சக்கரங்களை எண்ணி, எத்தனை டன் ஏற்றும் என்று தாத்தாவைக் கேட்கிறான். அத்தை முகம் கறுத்த பிறகும் அவள் கழுத்து மருவைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தான், உண்மைதான். "வளர்ப்பு அப்படி" என்று அவள் சொன்னது மருமகள் காதில் விழுந்ததும் எனக்குத் தெரியும்.

எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து மனதைப் புரிந்துகொள்ளாதது வளர்ப்பால் வந்தது இல்லை தம்பி. உன் சின்ன மாமா எப்படி? ரப்பர் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், கணக்கு எழுதும் கிராணி பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார், மாமா அவர் முகத்தைப் பார்க்காமல் போன மாதம் குறைந்த காசைக் கேட்டுக்கொண்டே இருப்பார். தான் பால் வெட்டும் நிரையில் எந்த ரப்பர் மரம் எவ்வளவு பால் கொடுக்கும் என்று கேட்டால் மட்டும் உடனே சொல்வார். பாட்டி எங்கள் எல்லாரையும் ஒரே மாதிரிதான் வளர்த்தார். நீயும் சின்னதில் எதிரில் இருப்பவர் கொட்டாவி விட்டாலும் பேசிக்கொண்டே போவாய், இன்றைக்குப் பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறாய்.

பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள், தேடிப் படித்தேன். 2017ல் வந்த ஓர் ஆய்வில், ஒரே அச்சாகப் பிறந்த இரட்டைக் குழந்தைகள், இரண்டு வயதுக்காரர்கள், வீடியோவில் பேசுகிறவரின் கண்ணை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், வாயை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பது இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்திருக்கிறது. ஜாடை வேறான இரட்டையரிடம் அந்த ஒற்றுமை வெகு குறைவு. அதே வருஷம் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், கண்களை மட்டும் காட்டும் 36 படங்களைப் பார்த்து மனதைச் சொல்லச் சொல்லும் சோதனையை 89,000 பேரிடம் வைத்து, அந்தத் திறமையில் மரபணுவுக்கும் பங்கு உண்டு என்று கண்டார்கள். ஒரே ஒரு மரபணு செய்கிற வேலையும் இல்லை, மரபணு மட்டுமே எல்லாம் என்பதும் இல்லை. அதனால் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை கற்றுக்கொள்வான்.

அவனைத் திட்டாதே. "அத்தை புருவத்தைப் பாரு, கோபமா இருக்காங்க, இப்ப நிறுத்திக்கலாம்" என்று வாய்விட்டுச் சொல். நமக்குத் தானாகத் தெரிவதை அவனுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். திட்டாதே, மறுபடியும் சொல்கிறேன். குழந்தை டாக்டரிடம் ஒருமுறை காட்டு, ஒன்றாம் வகுப்புக்குப் போகும்வரை தள்ளிப்போடாதே. எஞ்சினியராகிவிட்ட உனக்கு இதை நான் சொல்லவேண்டியிருக்கிறதே!

மருமகளை யாரும் ஒரு வார்த்தை சொல்ல விடாதே. அத்தையிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, அவளிடமும் கொடு.

அம்மா