ராஜ்கோட்டில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ கேட்டதற்குப் போனில் பதில் சொல்லித் தீராது, அதனால் எழுதுகிறேன். புது சாஃப்ட்வேர் ஓட ஆரம்பித்ததிலிருந்து கணினியில் இருக்கும் ஸ்டாக்கும் ரேக்கில் இருக்கும் சரக்கும் ஒத்துப்போகவில்லை, எல்லோரும் உன்னையே பார்க்கிறார்கள் என்றாய். உடனே புரோகிராமைத் தோண்டாதே. பொருள் ஸ்டோர்ஸ் கதவைத் தாண்டுவது எப்போது, அது எண்ட்ரி ஆவது எப்போது என்பதை முதலில் போய்ப் பார்.

ராஜ்கோட்டும் நம்ம கோயம்புத்தூர் மாதிரி பம்பு செய்கிற ஊர்தான், ஆகவே நடப்பதை இங்கிருந்தே சொல்லிவிடலாம். நைட் ஷிஃப்டில், மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் ஆள் வந்து காப்பர் ஒயர் ஸ்பூலைத் தூக்கிக்கொண்டு போவான். ஸ்டோர்ஸ் கீப்பர் வீட்டில் தூங்குவார், சாவி சூப்பர்வைசரிடம் இருக்கும். ஒரு துண்டுச் சீட்டில் கிறுக்கி வைத்திருப்பார்கள். அந்தச் சீட்டு கணினியில் ஏறுவதற்குள் மோட்டார் முடிந்தது என்று அசெம்பிளியில் எண்ட்ரி போடப் பார்ப்பார்கள். சரக்கு இல்லை என்று அது மறுக்கும். யாரோ ஒரு புண்ணியவான் செட்டிங்ஸுக்குள் போய் 'அலவ் நெகட்டிவ் ஸ்டாக்'கில், அதாவது இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் விடு என்பதில், டிக் அடித்திருப்பார். அன்றைய வேலை ஓடிவிடும். ஆனால் கையில் இல்லாத சரக்குக்கு விலை ஏது? பழைய ரேட் எதையாவது வைத்துக் கணக்குப் போடும், பிறகு நிஜ பில் வேறு ரேட்டில் வரும், மோட்டாரின் அடக்கவிலை நம்ப முடியாததாகிவிடும். அந்த டிக்கை எடுத்துவிடு. கத்துவார்கள், கத்தட்டும். பதிலுக்கு ஸ்டோர்ஸ் கதவருகே ஒரு டேப்லெட் வாங்கி மாட்டச் சொல். சரக்கு வெளியே போகும்போதே சூப்பர்வைசரே இஷ்யூ எண்ட்ரி போடட்டும்.

அடுத்தது பேக்ஃப்ளஷ். சாஃப்ட்வேர் விற்க வருகிறவர்கள் இதைத்தான் பெரிதாகச் சொல்லுவார்கள்: இஷ்யூவே போட வேண்டாம், 100 மோட்டார் முடிந்தது என்று அடித்தால் போதும், ஒரு மோட்டாருக்கு எது எவ்வளவு வேண்டும் என்ற பட்டியலான பிஓஎம்மில் இருக்கும் அளவை அதுவே ஸ்டாக்கில் கழித்துக்கொள்ளும் என்று. போல்ட், வாஷர், ஸ்டிக்கருக்கு இது சரி. காப்பர் ஒயருக்கு வேண்டவே வேண்டாம்.

ஒரு மோட்டாருக்கு 2.4 கிலோ ஒயர் என்று பிஓஎம்மில் இருப்பதாக வைத்துக்கொள். 100 மோட்டாருக்கு 240 கிலோ கழியும். நிஜத்தில் 252 கிலோ போயிருக்கும். அந்த 12 கிலோவில் கொஞ்சம் ஸ்பூலில் மீதியாக மெஷின் பக்கத்தில் கிடக்கும், கொஞ்சம் வெட்டுத் துண்டாக ஸ்கிராப் டப்பாவில் இருக்கும், டெஸ்ட்டில் போன ஸ்டேட்டரை, அதாவது ஒயர் சுற்றிய மோட்டார் பாகத்தை, பிரித்து மறுபடி சுற்றியதில் கொஞ்சம் போயிருக்கும். கணினியைக் கேட்டால் 12 கிலோவும் ஸ்டோர்ஸில் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லும். வருஷக் கடைசியில் ஸ்டாக் எடுக்கும்போது அக்கவுண்ட்ஸ்காரர்கள் ஒரே வரியில் தள்ளுபடி செய்துவிட்டுப் போவார்கள். எந்த ஷிஃப்டில் எந்த மெஷினில் போனது என்று அப்புறம் பிரம்மாவே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. காப்பர் ஸ்கிராப் என்ன விலைக்குப் போகிறது என்று உனக்குத் தெரியும், மேலே நான் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் போட்டிருக்கும் சாஃப்ட்வேர் ஈஆர்பிநெக்ஸ்ட் என்றாய் அல்லவா? மேனுஃபேக்சரிங் செட்டிங்ஸில், கழிப்பது பிஓஎம் படியா, உற்பத்திக்கு மாற்றிக் கொடுத்த சரக்கின் படியா என்று ஒரு தேர்வு இருக்கும். இரண்டாவதை வை. ஸ்டோர்ஸிலிருந்து நேரே மோட்டாருக்குள் போனதாகக் காட்டாமல், நடுவில் 'வொர்க் இன் பிராகிரஸ்' என்று ஒரு கிடங்கு வைத்து, முதலில் அதற்கு மாற்று. மோட்டார் முடிந்ததும் அங்கிருந்து கழியட்டும். ஷிஃப்ட் முடிவில் மிச்சத்தை எடை போட்டு ரிட்டர்ன் எண்ட்ரி போட வேண்டும். ஸ்பூலின் காலி எடையை அதன் மேலேயே பெயிண்டில் எழுதி வைத்தால் எடை போடுவது ஒரு நிமிஷ வேலை.

எஸ்.ஏ.பி. என்ற இன்னொரு சாஃப்ட்வேரில் வேலை செய்கிறவர்கள் எல்லாவற்றையும் எண்ணில்தான் பேசுவார்கள். 261 என்றால் உற்பத்தி ஆர்டருக்குச் சரக்கு போனது, 262 என்றால் அது திரும்பி வந்தது. ஒரு ஃபேக்டரி எப்படி நடக்கிறது என்று பார்க்க எனக்கு 262 போதும். மாதம் முழுக்க ஒரு ரிட்டர்ன்கூட இல்லை என்றால் மிச்சமெல்லாம் மெஷின் அடியில் கிடக்கிறது. உங்கள் சாஃப்ட்வேரிலும் ரிட்டர்ன் எண்ட்ரிகளை மட்டும் வடிகட்டி எடுத்துப் பார்.

யூனிட்டையும் சரிபார். ஸ்டாம்பிங் தகடுகளைக் கிலோ கணக்கில் வாங்குவார்கள், ஸ்டேட்டரில் அடுக்கும்போது மில்லிமீட்டரில் பேசுவார்கள். வார்ப்புப் பாகமான காஸ்டிங்கை எண்ணி இறக்குவார்கள், பில் எடைக்கு வரும். மாற்று விகிதம் ஒரு இடத்தில் தப்பினால் போதும்.

வேறு பட்டறையில் வேலை செய்து வர, ஜாப் ஒர்க்குக்கு வெளியே போன காஸ்டிங்கும் நம் சரக்குதான், அதற்கும் தனிக் கிடங்கு வேண்டும். அனுப்பி ஒரு வருஷத்துக்குள் அது திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே சப்ளை செய்ததாக ஜிஎஸ்டி சட்டம் எடுத்துக்கொள்ளும். அந்தச் சட்டத்தின் விதி 56 உற்பத்தியாளர் மாதாமாதம் உற்பத்திக் கணக்கு வைக்கச் சொல்கிறது. எவ்வளவு மூலப்பொருள் போனது, எவ்வளவு பொருள் வந்தது, கழிவு எவ்வளவு என்று மூன்றும் அதில் இருக்க வேண்டும். உங்கள் முதலாளி நான் மேலே சொன்னதற்கெல்லாம் மசியவில்லை என்றால் இதைச் சொல், மசிவார். ஜிஎஸ்டிக்கு முந்தைய எக்சைஸ் காலத்தில் தினமும் சரக்குக் கணக்கு எழுதிய ஆர்.ஜி.1 பதிவேட்டைப் பார்த்தவராகத்தான் இருப்பார்.

வித்தியாசம் வரும்போது, கணினி எண்ணிக்கையை நிஜ சரக்குக்கு ஏற்ப மாற்றும் ஸ்டாக் ரிகன்சிலியேஷன் போட்டு உடனே நேர் செய்துவிடச் சொல்லி உன்னை நெருக்குவார்கள். செய், ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதாமல் செய்யாதே. பத்து எண்ட்ரிக்கு ஒரே காரணம் வந்தால் நீ எங்கே போய் நிற்க வேண்டும் என்று அதுவே காட்டிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லைனை நிறுத்தி, ஸ்டோர்ஸோடு மெஷின் பக்கம் கிடப்பதையும் சேர்த்து எண்ணி, அதிலிருந்து புதிதாகத் தொடங்கு. எண்ணுகிற ஆள் வேறு, எழுதுகிற ஆள் வேறாக இருக்கட்டும். கணினியில் இருக்கும் எண்ணிக்கையை எண்ணுகிறவர்களிடம் முன்னாடியே காட்டிவிடாதே, அதற்கேற்பத்தான் எண்ணுவார்கள்.

உங்கம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. தீபாவளிக்கு டிக்கெட் போட்டுவிட்டாயா என்று கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா