தம்பிக்கு, முதல் குரூப் விஷயமாக

அன்புள்ள தம்பிக்கு,

பாப்பாவுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் சேர்ந்த முதல் குரூப்பே போட்டாகிவிட்டது. உயிரியலுக்குப் பதில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால் மார்க் சுலபமாக வருமே என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. எந்தப் பள்ளி என்று உனக்குத் தெரியும். நாலு பேர் படிக்கிற இடம், பெயர் வேண்டாம். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைப் பதினொன்றிலேயே முழுசாக நடத்துவோம் என்று அங்கே கணக்கு டீச்சர் சொன்னார். அதற்காகத்தான் சேர்த்தேன். அவர்கள் ரிசல்ட் போர்டில் சென்டம் குறைவுதான், அதையும் பார்த்தேன்.

"எனக்குப் பண்ணினதை அவளுக்கும் பண்ணிடாதக்கா" என்று போனில் சொன்னாய். பதில் பேசாமல் வைத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

நீ பத்து முடித்த 2010-இல் இன்ஜினியரிங் சீட்டுக்கான நுழைவுத் தேர்வு போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. பிளஸ் டூ மார்க் மட்டும்தான் கணக்கு. கணிதம் நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்கு, ஆக 200-க்குக் கட்ஆஃப். பதினொன்றாம் வகுப்பு மார்க்கை ஒருவரும் கேட்கமாட்டார்கள். அரை மார்க் போனால் ரேங்க் நூற்றுக்கணக்கில் இறங்கும். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குப் போக நம் வீட்டில் என்ன இருந்தது? அப்பாவின் கடனைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தும் ஹாஸ்டல் பள்ளி என்று தெரிந்துதான் உன்னைச் சேர்த்தோம். மார்க் வந்தது. அரசுக் கல்லூரியில் சீட் வந்தது. அதையும் சேர்த்துச் சொல்லு தம்பி.

ஆனால் அந்த முதல் செமஸ்டர் ஸ்டடி லீவு என் கண்ணை விட்டுப் போகவில்லை. பரணில் ஏறிப் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் தேடி எடுத்தாய். பிரவுன் அட்டை கசங்கவே இல்லை. லேபிளில் உன் பெயர், என் கையெழுத்தில். வகையிடல் பாடத்தில் இரண்டு தாள்கள் ஓரம் வெட்டுப்படாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. ஸ்கேலை உள்ளே விட்டுப் பிரித்தாய். கூடத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு முதல் கணக்கிலிருந்து போட ஆரம்பித்தாய். பாப்பா உன் பேனாவைப் பிடுங்கிப் பிடுங்கி ஓடினாள், ஒரு தடவைகூட நீ அதட்டவில்லை. "சைன் எக்ஸை வகையிட்டா காஸ் எக்ஸ் வரும்னு தெரியும்க்கா. ஏன் வருதுன்னு தெரியாது" என்றாய். பிளஸ் டூ கணக்கில் 200-க்கு 198 வாங்கியவன். காமர்ஸ் படித்த நான் என்ன சொல்ல முடியும்? காபி போட்டுக் கொடுத்தேன். அந்த செமஸ்டரில் எம்-ஒன், அந்தக் கணக்குப் பேப்பர்தான், அரியர்.

அதற்காக மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றால் கேட்கிறேன். ஆனால் நான் காமர்ஸ் எடுத்தது என் விருப்பமா என்று நீ ஒரு நாளாவது கேட்டிருக்கிறாயா? பாப்பா வயிற்றில் இருந்தபோது உன் ஹாஸ்டல் ஃபீஸுக்கு அடகு போன வளையல்கள் திரும்பி வரவே இல்லை. சொல்லிக்காட்டக் கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். நீ அந்த அரியரைத் தனியாக உட்கார்ந்து படித்துத் தூக்கியபோது, நீ வேலைக்குப் போன அன்றைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டேன். அதுவும் உனக்குத் தெரியாது.

2017-18இல் பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு வந்தபோது, இனி எந்தப் பள்ளியும் அந்தப் பாடத்தைத் தாண்டிக் குதிக்க முடியாது என்று நினைத்தேன். 2025-26 முதல் அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்தது நல்லதுதான். ஆனால் ஜே.இ.இ., நீட் இரண்டிலும் பதினொன்றாம் வகுப்புப் பாடமும் வருகிறது. அதனால்தான் மூன்று பள்ளிகளில் ஏறி இறங்கி இதையே கேட்டேன்.

மார்க் முக்கியமில்லை என்று மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாதே. கட்ஆஃப் இன்றும் அதே 200-க்குத்தான். உயிரியல் அதில் சேராது. அவளுக்கு நீட் எழுதும் எண்ணமும் இல்லை. ஆசைப்பட்டு எடுக்கிறாள், அதில் 85 வந்தாலும் நான் வாய் திறக்கமாட்டேன். கணிதத்தில் குறைந்தால் கேட்பேன். கஷ்டமான பாடத்தை எடுக்க விடுவது ஒன்று, எடுத்த பிறகு கண்டுகொள்ளாமல் இருப்பது வேறு.

ஸ்கூல் திறப்பதற்குள் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வா. வகையிடலை நீயே அவளுக்கு ஆரம்பித்து வை. மார்க் பற்றி மட்டும் அவளிடம் எதுவும் பேசாதே, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா