வெயிலை மட்டும் பார்த்தால் போதாது

ஆசிரியருக்கு,

'பூமி சூடாகிறது, செடிகள் சீக்கிரம் பூக்கின்றன' என்று ஒரே வரியில் செய்தியை முடித்துவிடுகிறார்கள். விஷயம் அவ்வளவு சுலபமில்லை. கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜாஸ்பர் ரிட்ஜ் புல்வெளியில், சில துண்டுகளுக்கு மேலே வெப்ப விளக்கு கட்டி, சிலவற்றில் கார்பன் டை ஆக்சைடைக் கூட்டி, இன்னும் சிலவற்றில் நைட்ரஜன் போட்டுப் பார்த்தார்கள், முடிவு 2006ல் வந்தது. சூடு பட்ட இடத்தில் பூ முந்தியது, சரி. ஆனால் கார்பன் டை ஆக்சைடோ நைட்ரஜனோ கூடிய இடத்தில் புற்கள் தாமதமாகப் பூத்தன, அகன்ற இலைச் செடிகளோ கொஞ்சம் முந்திக்கொண்டன! புல் முன்னால், செடி பின்னால் என்று ஆளுக்கொரு நேரம் வைத்து மண்ணின் ஈரத்தையும் சத்தையும் பங்கு போட்டு வாழ்ந்தவை இப்படிப் பூக்கும் காலத்தில் நெருங்கினால் போட்டிதானே வரும்?

நீலகிரியில் நாம் இதையெல்லாம் கவனிக்கிறோமா? 12 வருடத்துக்கு ஒருமுறை குறிஞ்சி பூத்தால் (அடுத்தது 2030) கேமராவோடு ஓடுகிறோம். நடுவில் வருடாவருடம் பூக்கும் சாதாரணப் புல் எந்த வாரம் கதிர் விடுகிறது என்று குறித்துவைக்க ஆளில்லை. சீகை (வாட்டில்) மரமும் தைல மரமும் விழுங்கியது போக மிச்சமிருக்கும் புல்வெளியிலாவது வனத்துறையும் மலைப்பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து இதைச் செய்யலாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

ஒரு வாசகர், கோத்தகிரி