கோணம் குறுக்கித் தேடும் கலை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கணினி விளையாட்டுகள் மூளையை மழுங்கடிப்பதாகத் தங்கள் வாசகர் ஒருவர் எழுதியிருந்ததை என்னால் முழுதாக ஏற்க இயலவில்லை. 2003-இல் வெளிவந்த ‘ஈவ் ஆன்லைன்’ விண்வெளி விளையாட்டில் என் மகன் எதிரியின் கப்பலைத் தேடும் விதத்தை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். முதலில் 360 பாகையில் ஸ்கேன் செய்து, 14.3 வானியல் அலகுக்குள் (ஓர் அலகு ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர்) கப்பல் இருப்பதை உறுதிசெய்கிறான். பிறகு கோணத்தை 5 பாகை வரை குறுக்கி, ஒவ்வொரு கோளின் பக்கமாகத் திருப்பி, ஸ்கேன் காட்டும் பட்டியலிலிருந்து கப்பல் மறையாத திசையைப் பிடித்து, தொலைவையும் படிப்படியாகக் குறைக்கிறான். மானூர்ப் பக்கம், பொழுது சாய்ந்தபின் வழிதவறிய ஆட்டை மணியோசையின் திசையை வைத்தே என் தகப்பனார் கண்டுபிடிப்பார். மறைப்புக் கருவியை இயக்கிய கப்பல் ஸ்கேனில் சிக்காதாம். மணி கழன்ற ஆடும் அப்படித்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாளையங்கோட்டை.