நிக்கல் தொட்டிக்கும் எக்ஸாஸ்ட் வையுங்கள்: பிளேட்டிங் பட்டறை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அம்பத்தூரிலும் கோவையிலும் பிற ஊர்களிலும் நிக்கல், குரோம் பிளேட்டிங் (உலோகப் பொருளுக்கு முலாம் பூசும்) பட்டறை நடத்துகிறவர்களுக்கு வணக்கம்.

குரோம் தொட்டிக்கு எக்ஸாஸ்ட் வைத்திருப்பீர்கள். அதற்கு முந்திய நிக்கல் தொட்டி பெரும்பாலும் திறந்தே கிடக்கிறது. காரணம் புரியாததல்ல. குரோமிக் அமிலத்தின் சாரல் மூக்கை எரிக்கும், நாள்பட்டால் மூக்கின் நடுச்சுவரில் ஓட்டையே விழும். நிக்கல் தொட்டியில் வாடை இல்லை, நெடி இல்லை. மிஞ்சிப்போனால் கையில் அரிப்பு. அதனால் அது சாது என்று எண்ணிவிடுகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அப்படி எண்ணவில்லை. குரோமிக் அமிலத்திலுள்ள ஆறு இணைதிறன் குரோமியத்தை வைத்திருக்கும் அதே முதல் பிரிவில்தான் நிக்கல் சேர்மங்களையும் 1990 முதல் வைத்திருக்கிறது. மனிதருக்கு நுரையீரலிலும், மூக்குக் குழியிலும், அதைச் சுற்றியுள்ள எலும்பறைகளிலும் புற்று உண்டாக்கும் என்பதே அதன் முடிவு.

இது முதலில் தெரிய வந்தது வேல்ஸில், கிளைடாக் நிக்கல் ஆலையில். 1902இல் தொடங்கிய அந்த ஆலையின் தொழிலாளரிடம், வெளியே மிக அரிதான மூக்குப் புற்று ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டுபிடிக்கப்பட்டது. 1949இல் பிரிட்டன் அதைத் தொழில்சார் நோயாக ஏற்று இழப்பீட்டுக்கு வழி செய்தது. 'அங்கே இருந்தது ஆக்சைடு, சல்பைடு தூசி. எங்கள் தொட்டியில் இருப்பது தண்ணீரில் கரையும் சல்பேட்தானே' என்று கேட்கலாம். எலிகளுக்கு நிக்கல் சல்பேட்டைச் சுவாசிக்கக் கொடுத்த அமெரிக்க ஆய்வில் புற்று வரவில்லை என்பதும் உண்மையே. ஆனால் நார்வேயின் கிறிஸ்டியான்சாண்ட் நிக்கல் ஆலையில், கரைசலில் மின்சாரம் செலுத்தி நிக்கலைப் பிரிக்கும் மின்பகுப்புக் கூடத்தில் நின்ற மனிதர்களுக்கு வந்தது. அங்கே பலவகை நிக்கல் கலந்திருந்தாலும், அளவு கூடக் கூட நுரையீரல் புற்றின் அபாயம் ஏறியது கரையும் நிக்கலுக்குத்தான் மிகத் தெளிவாகத் தெரிந்தது. மனிதரிடம் கண்ட சான்று இருக்கும்போது எலியைக் காட்டி நிம்மதி அடைய முடியாது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த ஆலைகளின் காற்றில் இருந்த நிக்கல் உங்கள் பட்டறையில் இருப்பதைவிட மிக அதிகமாக இருந்திருக்கும். பிளேட்டிங் ஆன குழாயைத் தொடுவதாலோ, எவர்சில்வர் பாத்திரத்தில் சாப்பிடுவதாலோ புற்று வருவதாகவும் நாங்கள் சொல்லவில்லை. எங்கள் கவலை எல்லாம் மூச்சோடு உள்ளே போகும் சாரலையும் தூசியையும் பற்றியதே.

சாரல் எங்கிருந்து வருகிறது? நிக்கல் தொட்டியில் வழக்கமாக ஊற்றும் வாட்ஸ் கரைசலில் லிட்டருக்கு 240 முதல் 300 கிராம் நிக்கல் சல்பேட், 30 முதல் 60 கிராம் நிக்கல் குளோரைடு, 30 முதல் 45 கிராம் போரிக் அமிலம் இருக்கும். சூடு 50 முதல் 60 டிகிரி. மின்சாரத்தில் ஏறக்குறைய 95 சதவீதம் நிக்கலைப் படிய வைப்பதிலேயே செலவாவதால், குரோம் தொட்டியைப் போல ஹைட்ரஜன் பொங்குவதில்லை. கண்ணுக்கு எதுவும் தெரியாமல் போவது அதனால்தான். ஆனால் கரைசலைக் கலக்க அடியிலிருந்து காற்று விடுகிறோமே, அந்தக் குமிழிகள் மேலே வந்து வெடிக்கின்றன. சோடா பாட்டிலைத் திறந்ததும் முகத்தில் படும் சாரலைப் போலத்தான். அந்தத் துளியின் தண்ணீர் காற்றிலேயே உலர்ந்து, நிக்கல் உப்பின் நுண்துகள் மிச்சமாகிறது. மின்சாரம் இல்லாமல் வேதிவினையாலேயே முலாம் பூசும் எலக்ட்ரோலெஸ் நிக்கல் தொட்டியோ 90 டிகிரியை ஒட்டி ஓடுகிறது. அங்கே ஹைட்ரஜனும் தாராளமாக வெளிவரும். அதை இன்னும் கவனிக்க வேண்டும்.

ஆகவே முதல் வேலை, காற்றால் கலக்குவதைக் குறைப்பது. பம்பு வைத்து, கரைசலையே எடக்டர் முனை (சுற்றியுள்ள கரைசலையும் சேர்த்து இழுத்துப் பாய்ச்சும் குறுகிய வாய்) வழியாகத் தொட்டிக்குள் பாய்ச்சினால் குமிழி இல்லாமலே கலக்கலாம். முலாம் பூசும் பொருள் தொங்கும் கேதோடு கம்பியை முன்னும் பின்னும் அசைக்கும் மோட்டாரும் சிறு தொட்டிக்குப் போதும். காற்று விட்டே ஆக வேண்டுமென்றால், கரைசலின் பரப்பு இழுவிசையைக் குறைத்துச் சாரலைத் தணிக்கும், அதற்கென்று உள்ள குறைநுரை வெட்டிங் ஏஜென்ட்டைக் கேட்டு வாங்குங்கள். நுரை அதிகம் தரும் வெட்டிங் ஏஜென்ட்டான சோடியம் லாரில் சல்பேட்டைக் காற்றுத் தொட்டியில் ஊற்றினால் நுரை பொங்கி வழியும். அப்படி வழிந்த நுரையைப் பார்த்துவிட்டு வெட்டிங் ஏஜென்ட்டே வேண்டாம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. வேலை இல்லாத நேரத்தில் தொட்டியை மூடி வையுங்கள்.

அடுத்தது எக்ஸாஸ்ட். கூரையிலோ சுவரிலோ மாட்டிய ஃபேன் போதாது. சாரலை அது தொழிலாளியின் முகத்தை ஒட்டித்தான் வெளியே இழுக்கும். தொட்டியின் விளிம்பிலேயே நீளவாக்கில் இடுக்கு வைத்து உறிஞ்ச வேண்டும். தொட்டி அகலம் 50 சென்டிமீட்டருக்குள் என்றால் ஒரு பக்கம் போதும். 90 சென்டிமீட்டரைத் தாண்டினால் இரண்டு பக்கமும் கட்டாயம். 120ஐத் தாண்டினால் ஒரு பக்கம் காற்றைத் தள்ளி மறுபக்கம் இழுக்கும் அமைப்பு வேண்டும். இடுக்கில் காற்றின் வேகம் நொடிக்கு 10 மீட்டர் அளவில் இருக்கட்டும். குழாய் பிவிசி அல்லது பாலிப்ரொப்பிலினில் செய்யுங்கள். உள்ளே உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும் என்பதால், வளைவுகளில் கழுவிவிட வழி வையுங்கள். வேலை செய்கிறதா என்று பார்க்க ஓர் ஊதுபத்தி போதும். இடுக்கிலிருந்து மிகத் தொலைவான விளிம்பில், கரைசலுக்குச் சற்று மேலே பிடியுங்கள். புகை நேராக இடுக்குக்குள் போக வேண்டும். மேலே எழும்பினாலோ சிதறினாலோ எக்ஸாஸ்ட் இருந்தும் பயனில்லை. நம் ஊர்ப் பட்டறைகளில் இது கெட்டுப்போவதற்கு முக்கியக் காரணம் பெடஸ்டல் ஃபேன். வெக்கை தாங்காமல் அதைத் தொட்டிப் பக்கம் திருப்பி வைத்தால், உறிஞ்சும் காற்றோட்டம் முழுவதும் கலைந்துவிடும். ஃபேனை எடுக்கச் சொல்லாதீர்கள், தொட்டியின் மேற்பரப்பில் காற்று படாதபடி திருப்பி வையுங்கள்.

தொட்டியைவிட மோசமான இடம் சில பட்டறைகளில் தரைதான். பொருள்களை மாட்டிய ரேக்கைத் தூக்கியதும் அடுத்த தொட்டிக்குக் கொண்டுபோகும் வழியில் சொட்டும் கரைசல், உலர்ந்து பச்சைப் பொடியாகிறது. காலையில் அதைத் துடைப்பத்தால் கூட்டுகிறோம். கூட்டுபவர் பெரும்பாலும் பெண், அவருக்கு முகத்தில் துணிகூட இருக்காது. ரேக்கைத் தொட்டிக்கு மேலேயே 10, 15 நொடி வடிய விடுங்கள். தொட்டிகளுக்கு இடையே, நிக்கல் பக்கம் சரியும்படி ஒரு பிளாஸ்டிக் தகடு வையுங்கள். நிக்கல் உப்பு விற்கும் விலையில் அந்தத் தகடு தன் செலவைத் தானே ஈட்டித் தரும். தரையை ஈரத் துணியால் மட்டும் துடைக்க வேண்டும். ஏர் கன்னால் துணியையோ தரையையோ ஊதவே கூடாது. ஆனோடு பையையும் (தொட்டியில் தொங்கும் நிக்கல் கட்டியைச் சுற்றிய துணிப்பை) ஃபில்டரையும் உலர விடாமல் ஈரமாகவே கழற்றி, மூடிய டப்பாவில் போடுங்கள்.

உப்பு மூட்டையை நேராகத் தொட்டியில் கொட்டுவதும் தவறு. தனி வாளியில் வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள். பிஎச் ஏற்ற, அதாவது கரைசலின் அமிலத்தன்மையைக் குறைக்க, பயன்படும் நிக்கல் கார்பனேட் மிக நைசான பொடி என்பதால் அதைக் கண்டிப்பாகத் தண்ணீரில் குழைத்துத்தான் சேர்க்க வேண்டும். இந்த வேலைக்கு கைக்குட்டையோ சர்ஜிக்கல் மாஸ்க்கோ உதவாது. நுண்துகளை வடிகட்டும் எஃப்எஃப்பி3 தர மாஸ்க், முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது.

இவ்வளவும் செய்த பின் அளந்து பாருங்கள். தொழிலாளியின் சட்டைக் காலரில் சிறு பம்பு மாட்டி, ஒரு ஷிஃப்ட் முழுக்கக் காற்றை ஃபில்டரில் இழுத்து லேபுக்கு அனுப்பலாம். அமெரிக்காவின் சட்ட வரம்பான கன மீட்டருக்கு 1 மில்லிகிராம் மிகப் பழையது. அதை இலக்காக வைக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல், மூச்சில் உள்ளே போகக்கூடிய மொத்தத் துகளுக்கு 0.05 மில்லிகிராம் என்றும், நுரையீரலின் ஆழம் வரை இறங்கும் நுண்துகளுக்கு 0.01 மில்லிகிராம் என்றும் வைத்திருக்கிறது. அதை நோக்கிப் போங்கள். வாரக் கடைசி ஷிஃப்ட் முடிந்ததும், கை கழுவி உடை மாற்றியபின் எடுக்கும் சிறுநீரிலும் நிக்கலை அளக்கலாம். உடம்புக்குள் எவ்வளவு போகிறது என்பதை மட்டுமே அது காட்டும். புற்று இருக்கிறதா இல்லையா என்பதைக் காட்டாது.

கிறிஸ்டியான்சாண்டில் புகைப்பழக்கமும் நிக்கலும் சேர்ந்தபோது அபாயம் கூட்டலாக அல்ல, பெருக்கலாக ஏறியது. பச்சை படிந்த விரலில் பீடி பிடிப்பதை நிறுத்த, தொட்டி அருகே தண்ணீரும் சோப்பும் வையுங்கள். டீயும் சாப்பாடும் வேறு அறையில் இருக்கட்டும். வேலை உடுப்பு பட்டறையிலேயே துவைக்கப்படட்டும்.

இந்தப் புற்று வர இருபது, முப்பது ஆண்டுகள்கூட ஆகும். அதற்குள் ஆள் வேறு பட்டறைக்கோ சொந்த ஊருக்கோ போயிருப்பார். ஒரே பக்கம் தீராத மூக்கடைப்பு, ரத்தம் வடிதல், கன்னத்தில் மரத்துப்போதல் என்று அவர் டாக்டரிடம் போகும்போது, தான் நிக்கல் தொட்டியில் நின்றவர் என்பதைச் சொல்லத் தெரிய வேண்டும். எனவே யார், எந்தத் தொட்டியில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை வேலை செய்தார் என்று ஒரு பதிவேடு எழுதுங்கள். ஐரோப்பாவில் இதை 40 ஆண்டு வைத்திருக்க வேண்டும். வேலையை விட்டுப் போகிறவரின் கையில் அந்தப் பக்கத்தின் நகல் ஒன்றையும் கொடுத்தனுப்புங்கள். ஒப்பந்தத்தில் வந்தவருக்கும் கொடுங்கள்.

இப்படிக்கு,
தொழில்சார் உடல்நலத் துறையில் பணிபுரிவோர்